காடு எரிந்தபின் ஊருக்குத் தண்ணீர்

2022 ஜூலை இறுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் வேகாஸ் நகரம் குடிநீர் அவசரநிலையை அறிவித்தது. சூதாட்ட விடுதிகளால் பெயர்பெற்ற நெவாடாவின் லாஸ் வேகாஸ் அல்ல இது. சுமார் 13,000 பேர் வாழும் பழைய மலையடிவார ஊர். கையிருப்பில் இருந்த நல்ல தண்ணீர் ஐம்பது நாளைக்குக்கூடக் காணாது என்று கணக்கிட்டார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 44 கேலன், அதாவது ஏறக்குறைய 167 லிட்டர் என்று அளவு வைத்தார்கள். அப்போது மழை பெய்யாமல் இல்லை. ஊருக்குத் தண்ணீர் தரும் கயினாஸ் ஆறும் வற்றவில்லை. ஆற்றில் வந்த தண்ணீரில் சாம்பலும் சேறும் கரிக்கட்டையும் கலந்திருந்தன. சுத்திகரிப்பு நிலையத்தால் அதைத் தொட முடியவில்லை.

ஆற்றின் தலைமாட்டில் இருந்த காடு மூன்று மாதங்களுக்கு முன் எரிந்திருந்தது. ஹெர்மிட்ஸ் பீக், காஃப் கேன்யன் என்ற இரண்டு தீக்கள் ஏப்ரலில் ஒன்றாகிச் சுமார் 3,41,000 ஏக்கரை அழித்தன. நியூ மெக்சிகோவின் வரலாற்றில் பதிவான மிகப் பெரிய காட்டுத்தீ அது. இரண்டையும் தொடங்கி வைத்தது மத்திய அரசின் வனத்துறை. பெருந்தீயைத் தடுப்பதற்காகத் திட்டமிட்டு மூட்டிய சிறு தீ ஒன்று காற்றில் கை மீறிப் போனது. குவித்து எரித்த மரக்கழிவுக் குவியல் ஒன்று குளிர்காலம் முழுதும் பனிக்கடியில் கனன்று கிடந்து வசந்தத்தில் மீண்டும் பற்றியது.

காட்டுத்தீயைப் பற்றி எழுதும்போது எரிந்த வீடுகளையும் உயிர்களையும் எண்ணுகிறோம். தீ அணைந்த அன்றோடு செய்தியும் அணைந்துவிடுகிறது. குடிநீருக்கான ஆபத்தோ அன்றுதான் தொடங்குகிறது. அது பல ஆண்டுகள் நீடிக்கும். கடந்த முப்பது ஆண்டுகளில் கொலராடோ, கலிபோர்னியா, ஆல்பர்ட்டா, கான்பரா, சிட்னி எனப் பல இடங்களில் இது நடந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஓர் ஊரின் தண்ணீர் தப்புமா என்பதைச் சுத்திகரிப்பு இயந்திரங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. கெட்ட தண்ணீர் வரும் வாரங்களில் ஆற்று மதகை மூடிவிட்டு வேறொரு இடத்திலிருந்து தண்ணீர் எடுக்க அந்த ஊருக்கு வழி இருக்கிறதா என்பதே முக்கியம்.

முதலில் மலைச்சரிவில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல காட்டில் விழும் மழையை இலைகள் வாங்கி, சருகு உறிஞ்சி, வேர்கள் மண்ணுக்குள் இறக்குகின்றன. தீ இந்த மூன்றையும் எடுத்துவிடுகிறது. அதோடு, எரியும் சருகிலிருந்து மெழுகுத்தன்மையுள்ள ஆவி கிளம்பி மண்ணுக்குள் இறங்கி, சற்றுக் கீழே குளிர்ந்த மண்துகள்கள் மேல் படிகிறது. எண்ணெய் தேய்த்த தோசைக்கல்லில் தெளித்த நீர் போல மழைத்துளி அங்கே ஊறாமல் உருண்டோடுகிறது. எல்லா இடத்திலும் இப்படி ஆவதில்லை. தீ கடுமையாக எரித்த சரிவுகளில்தான் இது மோசம். பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் இந்தத் தன்மை மறைந்துவிடும். ஆனால் அந்த ஓரிரண்டு ஆண்டுகளில் அரைமணி நேரம் கொட்டும் சாதாரணக் கோடைமழையே சேற்று வெள்ளமாக இறங்கப் போதும்.

கொலராடோவின் டென்வர் நகரம் இதை இரண்டு முறை அனுபவித்தது. 1996 மே மாதம் பஃபலோ கிரீக் தீ ஏறக்குறைய 12,000 ஏக்கரை எரித்தது. பெருந்தீக்களோடு ஒப்பிட்டால் இது சிறியது. இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், எரிந்த சரிவில் ஒரு புயல்மழை கொட்டியது. வெள்ளத்தில் இருவர் இறந்தனர். டென்வருக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதி கடந்து செல்லும் ஸ்ட்ரோன்சியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் மணலும் கரியும் வந்து நிறைந்தன. 2002ல் ஹேமன் தீ அதே ஆற்றுப்படுகையில் சுமார் 1,38,000 ஏக்கரை எரித்தது. இரண்டு தீக்களுக்கும் பிறகு தூர்வாருவதற்கும் சரிவுகளைச் சீர்செய்வதற்கும் டென்வர் நீர் வாரியம் 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டது. தூர்வாரும் வேலை ஹேமன் தீ நடந்து ஒன்பது ஆண்டுகள் கழித்தும் நடந்துகொண்டிருந்தது.

ஆகவே தீ அணைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சரிவில்தான். அதற்கான காலமும் குறைவு. அடுத்த பெருமழைக்குள் முடிக்க வேண்டும். அமெரிக்க வனத்துறை இதற்கென்றே அவசரக் குழுக்களை வைத்திருக்கிறது. மண்ணியலாளர், நீரியலாளர், பொறியாளர் சேர்ந்த அந்தக் குழு, புகை முழுதும் அடங்கும் முன்பே உள்ளே போகிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து எந்தச் சரிவு எவ்வளவு கடுமையாக எரிந்தது என்று வரைபடம் போடுகிறார்கள். மண்ணைக் கிளறி, தண்ணீர் சொட்டிப் பார்த்து அந்த வரைபடத்தைத் திருத்துகிறார்கள். காடு முழுவதையும் மூட யாராலும் முடியாது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே, செங்குத்தான, கடுமையாக எரிந்த சரிவுகள் எவை என்று கண்டு அவற்றுக்கு மட்டுமே காசைச் செலவிட வேண்டும். அந்தத் தேர்வில்தான் திறமை இருக்கிறது.

எதைச் செய்தால் பலன் என்பதில் நீண்ட காலம் தவறான நம்பிக்கை இருந்தது. விமானத்திலிருந்து புல்விதை தூவுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. செலவு குறைவு, ஏதோ செய்தோம் என்ற நிறைவும் கிடைக்கும். ஆனால் விதை முளைத்து வேர் பிடிக்கும் முன்பே முதல் மழை அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் சரிவுகளில் மண்பொறிகள் வைத்து ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தபோது, மிகவும் தேவைப்படும் முதல் ஆண்டில் விதைப்பால் பெரிய பயன் இல்லை என்பது உறுதியானது. வெட்டிய மரங்களைச் சரிவின் குறுக்கே படுக்கவைத்துக் கட்டும் தடுப்புகள் சிறுமழைக்குத் தாங்குகின்றன. பெருமழையில் நிரம்பி வழிந்துவிடுகின்றன. மண்ணை நேரடியாக மூடும் மூடாக்குதான் வேலை செய்கிறது. வைக்கோலை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். வைக்கோல் மலிவு. ஆனால் காற்றுக்குப் பறக்கும், களைவிதைகளையும் கொண்டுவரும். எரிந்த மரங்களையே துண்டாக்கிய சீவல் கனமானது, காற்றிலும் நிற்கும். ஆனால் ஹெலிகாப்டர் நடைகள் அதிகம், செலவும் அதிகம். கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரம் 2012 தீக்குப் பிறகும் 2020 தீக்குப் பிறகும் தன் ஆற்றின் மேற்சரிவுகளில் இந்த மூடாக்கைப் போட வைத்தது.

எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் சேறு இறங்கத்தான் செய்யும். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வந்தால் என்ன ஆகிறது? கலங்கல் கூடக் கூடப் படிகாரம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். படியும் கசடு பெருகுகிறது. வடிகட்டிகள் அடைத்துக்கொண்டு அடிக்கடி கழுவ வேண்டியதாகிறது. இது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. கண்ணுக்குத் தெரியாதது கரைந்து வரும் கரிமப் பொருள். கிருமியைக் கொல்லச் சேர்க்கும் குளோரின் அதோடு வினைபுரிந்து ட்ரைஹாலோமீத்தேன் போன்ற துணைப்பொருட்களை உண்டாக்குகிறது. அவை நீண்டகாலத்தில் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டக்கூடியவை என்பதால் பல நாடுகள் அவற்றுக்கு வரம்பு வைத்திருக்கின்றன. குளோரினைக் குறைத்தால் கிருமி, கூட்டினால் இந்த நச்சு. சாம்பலோடு வரும் பாஸ்பரஸ் நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2003ல் லாஸ்ட் கிரீக் தீ எரித்த ஓடைகளை உல்டிஸ் சிலின்ஸ், மோனிகா எமெல்கோ ஆகியோரின் குழு தொடர்ந்து ஆராய்ந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கே பாஸ்பரஸ் அளவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மலை பச்சையானதைப் பார்த்துத் தண்ணீரும் தேறிவிட்டது என்று நினைப்பது தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கான்பராவின் கதை இன்னொரு கோணத்தைக் காட்டுகிறது. ஆஸ்திரேலியத் தலைநகருக்குக் காட்டர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து மிகத் தூய்மையான தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அந்த மலைகள் மனித நடமாட்டம் குறைந்த காடு. வடிகட்டக்கூடத் தேவையில்லை, கிருமிநீக்கம் மட்டும் போதும் என்றிருந்தார்கள். 2003 ஜனவரி 18 அன்று நகருக்குள்ளேயே தீ புகுந்து நால்வரைக் கொன்று ஏறக்குறைய ஐந்நூறு வீடுகளை எரித்தது. காட்டர் பகுதியின் பெரும்பகுதியும் எரிந்தது. பிறகு பெய்த மழையில் காட்டர் ஆற்றிலுள்ள பெண்டோரா நீர்த்தேக்கம் கலங்கி, அதுவரை பார்த்திராத அளவு கெட்டுப்போனது. கூகாங் என்ற இன்னொரு அணையும், அதற்கென ஒரு சுத்திகரிப்பு நிலையமும் கான்பராவுக்கு இருந்ததால் நகரம் தப்பியது. அந்த அவகாசத்தில் ஸ்ட்ரோம்லோ மலையில் புதிய சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடித்தார்கள்.

சிட்னிக்கு வேறுவிதமான வாய்ப்பு இருந்தது. நகரின் தண்ணீரில் ஏறத்தாழ எண்பது விழுக்காட்டைத் தரும் வாரகாம்பா அணையின் மேற்புறக் காடுகள் 2019-20 கோடையில் எரிந்தன. 2020 பிப்ரவரியில் பெருமழை வரும் முன்பே நீர்த்தேக்கத்துக்குள் மிதவைத் தடுப்புகளையும் வண்டல் திரைகளையும் கட்டிவிட்டார்கள். அணை ஆழமானது, பல மட்டங்களில் தண்ணீர் எடுக்கும் வசதி உண்டு. சாம்பல் நீர் எந்த மட்டத்தில் பரவுகிறது என்று அளந்து, அதை விட்டு வேறு மட்டத்திலிருந்து எடுத்தார்கள்.

ஃபோர்ட் காலின்ஸ் தன் தண்ணீரைப் பூடர் ஆற்றிலிருந்தும் ஹார்ஸ்டூத் நீர்த்தேக்கத்திலிருந்தும் எடுக்கிறது. 2012 ஹை பார்க் தீக்குப் பிறகு ஆறு கறுத்தபோது ஆற்று மதகை மாதக்கணக்கில் மூடிவிட்டு ஹார்ஸ்டூத்தை நம்பியிருந்தது. ஆற்றின் மேலே கலங்கலை அளக்கும் கருவிகளை வைத்து, கறுப்புத் தண்ணீர் வந்து சேரும் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்படி செய்தது. நிலையத்துக்குப் போகும் முன் சேறு படிய ஒரு தொட்டியும் கட்டியது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2020ல் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கேமரன் பீக் தீ பூடர் ஆற்றுப் பக்கத்தில் 2,08,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அதே இலையுதிர்காலத்தில், மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், ஹார்ஸ்டூத்துக்குத் தண்ணீர் அனுப்பும் பகுதியில் ஈஸ்ட் டிரபிள்சம் தீ 1,93,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. ஒரே பருவத்தில் இரண்டு ஊற்றுகளின் தலைமாடும் எரிந்தன. இரண்டாவது வழி இருந்தால் மட்டும் போதாது, அது வேறொரு மலையில், முடிந்தால் நிலத்தடியில் இருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

இதுவரை சொன்னது காட்டில் தொடங்கும் ஆபத்து. தீ ஊருக்குள் வந்தால் இன்னொரு ஆபத்து உண்டு. இதை 2017 வரை யாரும் சரியாக அறிந்திருக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் டப்ஸ் தீ கலிபோர்னியாவின் சாண்டா ரோசா நகரை எரித்தது. அடுத்த மாதம் ஃபவுண்டன்குரோவ் பகுதியில் தப்பிய வீடு ஒன்றிலிருந்து, தண்ணீரில் ஏதோ வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. சோதித்தால் பென்சீன். இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது என்று நிறுவப்பட்ட பொருள். கலிபோர்னியாவில் குடிநீரில் அதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு நூறு கோடியில் ஒரு பங்கு. சாண்டா ரோசாவில் எடுத்த ஒரு மாதிரியில் அது 40,000 பங்கு இருந்தது. ஆலைக்கழிவில் 500 பங்கைத் தாண்டினாலே அமெரிக்கச் சட்டம் அதை அபாயக் கழிவாகக் கணக்கிடுகிறது.

நிலையத்திலிருந்து போன தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. குழாயில்தான் கெட்டது. வீடுகள் எரியும்போது உள்ளேயுள்ள குழாய்கள் உடைந்து தண்ணீர் கொட்டுகிறது. தீயணைப்போரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். அழுத்தம் விழுகிறது. அழுத்தம் விழுந்த குழாய் வெளியிலிருப்பதை உள்ளே உறிஞ்சும். அப்படிப் புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் ஆவியும் உள்ளே போகின்றன. மண்ணுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்புக் குழாயே சூட்டில் சிதைந்து இந்தப் பொருட்களை விடுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், பிளாஸ்டிக் பென்சீனைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியே விடும். இன்று கழுவி விட்டால் சுத்தமாகத் தெரியும். நாளை மறுநாள் மீண்டும் வரும்.

2018 நவம்பர் 8 அன்று கேம்ப் தீ கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்தது. 85 பேர் இறந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அங்கும் குழாய்களில் பென்சீன் 2,000 பங்கைத் தாண்டியது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வெல்டனும் அவர் குழுவினரும் இரண்டு ஊர்களையும் ஆராய்ந்து சொன்னவற்றில் இரண்டைத் தண்ணீர்த் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் குழாயில் அசையாமல் 72 மணி நேரம் நின்ற பிறகு மாதிரி எடுத்தால்தான் ஒட்டியிருக்கும் பென்சீன் தெரியும். ஓடும் தண்ணீரில் எடுத்தால் ஏமாந்துபோவோம். அடுத்து, சந்தேகம் உள்ள இடத்தில் 'காய்ச்சிக் குடியுங்கள்' என்று அறிவிப்பது ஆபத்து. காய்ச்சினால் கிருமி சாகும். பென்சீனோ ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலந்து மூச்சில் ஏறும். குடிக்காதே, காய்ச்சாதே, அதில் வெந்நீர்க் குளியலும் வேண்டாம் என்று அறிவிக்க வேண்டிய இடத்தில் பழக்கத்தால் காய்ச்சச் சொல்வதைப் பொறுக்க முடியாது.

சாண்டா ரோசாவில் அந்தப் பகுதியின் குழாய் முழுவதையும் மாற்ற 4 கோடியே 30 லட்சம் டாலர் ஆகும் என்று முதலில் மதிப்பிட்டார்கள். பிறகு எந்த இணைப்பு கெட்டது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, இணைப்புக் குழாய்களை மாற்றி, முதன்மைக் குழாய்களைத் தொடர்ந்து கழுவிவிட்டு, மிகக் குறைந்த செலவில் முடித்தார்கள். அங்கே தண்ணீரைக் குடிக்க விதித்திருந்த தடை நீங்க ஏறத்தாழ ஓராண்டு ஆனது. எரிந்த மனைகளின் வால்வை உடனே மூடுவதும், பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வை ஒவ்வொரு மீட்டரிலும் பொருத்துவதும், ஊரைச் சிறு பகுதிகளாகத் தனிமைப்படுத்தும்படி முதன்மைக் குழாயை அமைப்பதும் பெரிய செலவு பிடிக்காதவை. 2023ல் கலிபோர்னியா, பெருந்தீ கட்டடங்களை எரித்த இடங்களில் பென்சீன் சோதனையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ், அல்டடீனா பகுதிகள் எரிந்தபோது குடிக்கவேண்டாம் என்ற அறிவிப்பு உடனே வந்தது. பாரடைஸ் மக்கள் பட்ட பாட்டின் பயன் அது.

தண்ணீர் கெடுவது போலவே குறையவும் கூடும் என்பதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். மெல்பர்ன் நகரின் நீர்ப்பிடிப்புக் காடுகளில் 1939ல் எரிந்த ‘மவுண்டன் ஆஷ்’ என்ற யூகலிப்டஸ் மரங்களுக்குப் பதில் அடர்த்தியாக முளைத்த இளமரங்கள் முதிய மரங்களைவிட அதிக நீரைக் குடித்தன. ஓடைகளில் வரும் நீர் பல பத்தாண்டுகள் குறைந்தே இருந்தது.

இனித் தீக்கு முந்தைய வேலை. 2010ல் டென்வர் நீர் வாரியமும் மத்திய வனத்துறையும் ஆளுக்குப் பாதியாக 3 கோடியே 30 லட்சம் டாலர் போட்டு, நீர்ப்பிடிப்புக் காடுகளில் நெருக்கமான மரங்களைக் களையவும் சருகைக் குறைக்கவும் ஒப்பந்தம் செய்தன. குடிநீர்க் கட்டணம் கட்டுபவர்களின் பணம் காட்டுக்குப் போனது. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு அருகே 2010 ஷுல்ட்ஸ் தீக்குப் பின் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2012ல் நகர மக்கள் வாக்கெடுப்பில் ஒரு கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்து, நகர எல்லைக்கு வெளியே மத்திய அரசுக்குச் சொந்தமான காட்டைச் சீர்செய்ய அனுப்பினார்கள். அந்தக் காடு தங்களுடையது இல்லை. அதிலிருந்து வரும் வெள்ளமும் தண்ணீரும் தங்களுடையவை என்று அந்த மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

சருகைக் குறைக்கத் திட்டமிட்டு மூட்டும் தீயே லாஸ் வேகாஸின் ஆற்றைக் கெடுத்தது என்பதால் அந்த முறையையே கைவிட வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. நூறு ஆண்டுகளாக ஒவ்வொரு சிறு தீயையும் அணைத்து அணைத்துச் சருகைச் சேர்த்து வைத்ததன் விளைவே இன்றைய பெருந்தீக்கள். ஆனால் குடிநீர்க் காட்டில் தீ மூட்டுகிறவர்கள் காற்றையும் ஈரத்தையும் பார்ப்பதோடு, கீழே இருக்கும் ஊருக்கு மாற்றுத் தண்ணீர் உண்டா என்றும் கேட்டுவிட்டே தீக்குச்சியை உரச வேண்டும். கயினாஸ் ஆற்றுக்கு அந்தக் கேள்வியின் பதில் ஏறக்குறைய 'இல்லை' என்பதுதான்.

அவசரநிலையின்போது லாஸ் வேகாஸ் நகரம் அருகிலுள்ள ஸ்டோரி ஏரியிலிருந்து தற்காலிகச் சுத்திகரிப்புக் கருவிகளை வைத்துத் தண்ணீர் எடுத்துச் சமாளித்தது. தீயை மூட்டியது அரசு என்பதால் அமெரிக்க நாடாளுமன்றம் 2022ல் பாதிக்கப்பட்டோருக்கு 395 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் 14 கோடி டாலர் இந்த நகரின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. ஆனாலும் 2024 ஜூனில் எரிந்த சரிவுகளிலிருந்து மீண்டும் வெள்ளம் வந்தபோது நகரம் தண்ணீரைச் சுருக்க வேண்டியதாயிற்று. பணம் ஒதுக்குவது ஒரு நாளில் முடியும், நிலையம் கட்ட ஆண்டுகள் ஆகும், மழை காத்திருப்பதில்லை.

டென்வருக்கும் சிட்னிக்கும் பொறியாளர்களும் கட்டணம் செலுத்தும் இலட்சக்கணக்கான வீடுகளும் உண்டு. ஒரே ஓடையை நம்பி வாழும் பத்தாயிரம் பேர் கொண்ட ஊருக்கு இவை கிடையாது. அங்கே இரண்டாவது கிணறு தோண்டவோ, பக்கத்து ஊரின் குழாயோடு ஓர் இணைப்புப் போடவோ, ஆற்றின் மேலே ஒரு கலங்கல்மானி வைக்கவோ ஆகும் செலவு, தீக்குப் பின் நிவாரணமாகத் தரும் தொகையில் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கைத் தீ வரும் முன்பே, அரசின் செலவில், இப்படிப்பட்ட ஒவ்வொரு மலையடிவார ஊருக்கும் கொடுத்துவிட வேண்டும்.